பெட்டியில் ஒரு பெயர், கடையில் ஒரு பெயர்

காசு கொடுத்து வாங்கிய பழைய கேம்களுக்கு ஒரு எக்செல் கோப்பு வைத்திருக்கிறேன். பெயர், ஆண்டு, உருவாக்கியவர், வெளியீட்டாளர், எந்தக் கடையில் வாங்கியது, இப்போது ஓடுகிறதா. இவ்வளவுதான் அதில் இருக்கும். மற்றதெல்லாம் ஒரு நிமிட வேலை. வெளியீட்டாளர் என்ற ஒரு கட்டம்தான் படுத்துகிறது.

ஃபால்அவுட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1997 அக்டோபரில் வந்த அட்டைப்பெட்டியில் இன்டர்பிளே என்று போட்டிருக்கும். இன்று ஸ்டீம் என்ற இணையக் கடையில் அதே கேமின் பக்கத்தைத் திறந்தால், உருவாக்கியவர் இன்டர்பிளே, வெளியீட்டாளர் பெதஸ்டா சாஃப்ட்வொர்க்ஸ் என்று இருக்கிறது. 1997இல் பெதஸ்டாவுக்கும் ஃபால்அவுட்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அந்த வருடம் அவர்கள் பேட்டில்ஸ்பயர் என்ற தங்கள் சொந்த கேமை விற்பதில் மும்முரமாக இருந்தார்கள். கடை அலமாரியில் அது ஃபால்அவுட்டுக்குப் போட்டிச் சரக்கு.

உரிமை கைமாறியது, பெயரும் மாறியது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் அந்தக் கைமாற்றத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் அவ்வளவு நேராக இல்லை.

2007இல் பெதஸ்டா ஃபால்அவுட் உரிமையை முழுசாக 57.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. இன்டர்பிளே அப்போது கடனில் மூழ்கிக் கிடந்த நிறுவனம். விற்கும்போதே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டது: பழைய கேம்களைத் தொடர்ந்து விற்கும் உரிமை எங்களிடமே இருக்கட்டும். அடுத்த வருடம், 2008இல், போலந்தின் சிடி புரொஜெக்ட் நிறுவனம் ‘குட் ஓல்ட் கேம்ஸ்’ என்ற கடையைத் திறந்தது. இன்றைய ஜிஓஜி அதுதான். கடை திறந்தபோதே சரக்கு கொடுத்தவர்களில் இன்டர்பிளேவும் உண்டு. ஆக, ஃபால்அவுட் முதன்முதலாக அங்கே டிஜிட்டலாக விற்பனைக்கு வந்தபோது, சொந்தக்காரர் பெதஸ்டா, விற்றவர் இன்டர்பிளே.

இதோடு நின்றிருந்தால் சுவாரஸ்யம் இல்லை. 2009இல் இன்டர்பிளே பழைய மூன்று கேம்களையும் ஒரே பெட்டியில் போட்டு ‘ஃபால்அவுட் டிரிலஜி’ என்று சந்தைக்கு விட்டது. பெதஸ்டாவின் ஃபால்அவுட் 3 அப்போதுதான் வந்து சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. புதிதாகக் கடைக்கு வருபவர் டிரிலஜி என்ற பெயரைப் பார்த்தால் ஃபால்அவுட் 3 அதற்குள்தான் இருக்கிறது என்று நினைப்பாரா, மாட்டாரா? நினைப்பார் என்று பெதஸ்டா வழக்குப் போட்டது. பெட்டி வடிவமைப்பைத் தங்களிடம் காட்டி ஒப்புதல் வாங்கவில்லை என்பதும் புகார். இன்னொரு பக்கம் ஃபால்அவுட் ஆன்லைன் கேம் பற்றிய சண்டையும் அதே வழக்கில் இருந்தது. 2012 ஜனவரியில் சமரசம் ஆனது. இன்டர்பிளேவுக்கு 20 லட்சம் டாலர் கிடைத்தது. பழைய கேம்களை விற்கும் உரிமை 2013 டிசம்பரோடு முடிந்தது.

அந்த டிசம்பரில் ஜிஓஜி மூன்று கேம்களையும் இரண்டு நாள் இலவசமாக வாரி வழங்கியது. பிறகு ஜனவரியில் அவை கடையிலிருந்து காணாமல் போயின. 2015 ஆகஸ்டில் திரும்பி வந்தபோது பக்கத்தில் பெதஸ்டா பெயர் இருந்தது. உள்ளே இருக்கும் கேம் அதேதான். அதே பாலைவனம், அதே நீர்ச்சில்லு தேடும் பயணம்.

உரிமையாளரும் வெளியீட்டாளரும் ஒருவரேதான் என்று எடுத்துக்கொண்டால் 2007 முதல் 2013 வரையான இந்த ஆறு வருடங்களை எப்படி எழுதுவது? சொந்தக்காரரே கோர்ட்டுக்குப் போய், வெளியிட்டவர் செய்தது சரியில்லை என்று முறையிட்டிருக்கிறார். இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

என் கணக்கு இதுதான். வெளியீடு என்பது ஒரு தேதியில் ஒருவர் செய்கிற வேலை. பணம் போட்டது யார், எந்த வடிவத்தில் கொண்டுவருவது என்று முடிவெடுத்தது யார், ஓடவில்லை என்றால் யார் சட்டையைப் பிடிப்பது? இந்தக் கேள்விகளுக்கு வருகிற பெயர்தான் வெளியீட்டாளர். அந்த வேலை மறுபடி மறுபடி நடந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு பெயர் எழுத வேண்டும். பின்னால் வந்தவர் முன்னால் செய்தவரின் பெயரை அழித்துவிட்டு அங்கே உட்கார முடியாது. நம்மூர்ப் புத்தகங்களில் இது வெகு காலமாகச் சரியாகத்தான் நடக்கிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட ஒரு நாவலை ஏழெட்டுப் பதிப்பகங்கள் போடுகின்றன. ஒழுங்கான பதிப்பகமாக இருந்தால் தன் பெயரை இந்தப் பதிப்புக்குப் போட்டுக்கொண்டு, முதற்பதிப்பு எந்த வருடம், யார் போட்டது என்று தனி வரியில் சொல்லிவிடும். நாவலுக்கே நாங்கள்தான் பதிப்பாளர் என்று எவரும் சொல்வதில்லை.

சரி, ஸ்டீம் மாதிரிக் கடைகளில் ஏன் அப்படி எழுதுகிறார்கள்? கடைக்கு வரலாறு எழுதும் வேலை இல்லை என்பதுதான் காரணம். பக்கத்தைத் திறக்கும் நிறுவனமே அந்தக் கட்டத்தை நிரப்புகிறது. அந்தப் பெயரைச் சொடுக்கினால் அதே நிறுவனத்தின் மற்ற சரக்குகள் வந்து நிற்க வேண்டும். கடையின் கண்ணில் வெளியீட்டாளர் என்றால் இன்றைய தேதியில் ஒப்பந்தம் போட்டிருப்பவர், மாதக் கடைசியில் பணம் அனுப்ப வேண்டியவர். அந்த அளவில் அது பிழையே இல்லை. அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய், ‘ஃபால்அவுட் (1997), வெளியீடு: பெதஸ்டா’ என்று பட்டியலில் எழுதும்போதுதான் கோளாறு. ஆண்டு ஒரு வெளியீட்டினுடையது, பெயர் இன்னொரு வெளியீட்டினுடையது. இரண்டையும் ஒட்டவைத்தால் உலகத்தில் எங்கேயும் நடக்காத ஒரு சம்பவம் பிறந்துவிடுகிறது.

இதை நான் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொள்கிறேன் என்று வீட்டில் ஒரு கருத்து நிலவுகிறது. இருக்கட்டும். நான் பள்ளியில் படிக்கும்போது கையில் கிடைத்த கேம்களெல்லாம் ரைட் செய்த சிடிக்கள். மேலே மார்க்கர் பேனாவில் கேம் பெயர் மட்டும், அதுவும் எழுத்துப் பிழையோடு. அதை யார் செய்தார்கள், யார் வெளியிட்டார்கள் என்று அப்போது தெரியவே தெரியாது. பெயர்களைத் தேடித் தேடி எழுதும் இந்தப் புத்தி அதிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த கதை சிஸ்டம் ஷாக் 2 என்ற கேமுடையது. 1999 ஆகஸ்டில் வந்தது. இர்ரேஷனல் கேம்ஸும் லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸும் சேர்ந்து உருவாக்கினார்கள், எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்டது. அடுத்த வருடம் மே மாதம் லுக்கிங் கிளாஸ் கடையைச் சாத்தியது. அதன் சொத்துகள் கைமாறிப் போய்ச் சேர்ந்த இடம் ஸ்டார் இன்ஷூரன்ஸ் என்ற காப்பீட்டு நிறுவனம். மெடோபுரூக் என்ற காப்பீட்டுக் குழுமத்தின் கிளை அது. விண்வெளிக் கப்பலில் பைத்தியம் பிடித்த ஒரு கணினியோடு போராடும் கேமின் உரிமை, பாலிசி விற்கிற ஆபீஸ் ஒன்றின் அலமாரியில் பத்து வருடத்துக்கு மேல் தூங்கியது. பெயர் மீதான வணிகக்குறி எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் பக்கம், ஆக்கத்தின் உரிமை காப்பீட்டுக்காரர் பக்கம் என்று பிரிந்து கிடந்ததால் யாரும் தொட முடியவில்லை. ஜிஓஜியில் வாடிக்கையாளர்கள் கேட்டுக் கேட்டு அலுத்த கேம்களின் வரிசையில் இது உச்சியில் இருந்தது.

2012இல் ஸ்டீபன் கிக் என்பவர் சோனி ஆன்லைன் நிறுவன வேலையை விட்டுவிட்டு மத்திய அமெரிக்காவில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். கையில் ஒரு மடிக்கணினி, அதில் விளையாட சிஸ்டம் ஷாக் 2. ஓடவில்லை. வாங்கலாம் என்று பார்த்தால் எங்கேயும் விற்பனையில் இல்லை. உரிமை யாரிடம் என்று தோண்டிப் பார்த்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, பேசி, ஒப்பந்தம் போட்டு, நைட்டைவ் ஸ்டூடியோஸ் என்ற நிறுவனத்தையே அதற்காக ஆரம்பித்தார். 2013 பிப்ரவரி 14 அன்று கேம் ஜிஓஜியில் விற்பனைக்கு வந்தது. பிறகு 2015இல் முழு உரிமையையும் நைட்டைவே வாங்கிக்கொண்டது.

இப்போது 2013 வெளியீட்டுக்கு வெளியீட்டாளர் யார்? 1999இல் வெளியிட்டதால் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸா? அவர்கள் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உரிமை வைத்திருந்ததால் ஸ்டார் இன்ஷூரன்ஸா? அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், தங்கள் பங்கை வாங்கினார்கள். விற்ற இடம் என்பதால் ஜிஓஜியா? அது கடை. அலைந்து திரிந்து, பணம் போட்டு, தேதி குறித்து, வாங்கியவர்களின் புகாருக்குப் பதில் சொன்னது நைட்டைவ். என் கோப்பில் இதற்கு இரண்டு வரி இருக்கிறது: 1999, எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ், 2013, நைட்டைவ். காப்பீட்டுக்காரர் பெயரை ஆசைக்காகக் குறிப்புக் கட்டத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.

இதில் இன்னும் ஒருவர் பாக்கி இருக்கிறார். சிஸ்டம் ஷாக் 2 புதிய விண்டோஸில் ஓடாமல் படுத்துக்கொண்டிருந்த காலத்தில், 2012 செப்டம்பரில், ‘லே கொர்போ’ என்ற புனைபெயரில் யாரோ ஒருவர் ரசிகர்களுக்கு ஒரு பேட்ச் கோப்பை, அதாவது கேமைத் திருத்தும் கோப்பை, கொடுத்துவிட்டுப் போனார். அகலத்திரை, புதிய கிராஃபிக்ஸ் அட்டைகள், பல கோர்கள் கொண்ட பிராசசர் எல்லாவற்றோடும் கேமை ஒத்துப்போக வைத்த பேட்ச் அது. அடுத்த வருடம் காசுக்கு விற்ற பிரதியில் இருந்ததும் அதே வேலைதான். அவர் யார் என்று வெளியே யாருக்கும் சொல்லவில்லை. கடைப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு கட்டம் கிடையாது. உருவாக்கியவர் பட்டியலில் சேர மாட்டார், வெளியீட்டாளரும் இல்லை. ஆனால் அவர் இல்லாமல் அந்த வெளியீடு தடுமாறியிருக்கும்.

இந்த மாதிரி ஆட்கள் மறு வெளியீடு நெடுகிலும் இருக்கிறார்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துக் கேம் ஒன்றை வாங்கி நிறுவி, கோப்புறையைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் உள்ளே டாஸ்பாக்ஸ் என்று ஒரு சின்னக் கோப்புறை, அதற்குள் ஒரு அமைப்புக் கோப்பு. அதை நோட்பேடில் திறந்தால் எத்தனை சைக்கிள் வேகத்தில் ஓட வேண்டும், எந்த ஒலி அட்டை போல நடிக்க வேண்டும் என்று வரிவரியாக எழுதியிருக்கும். டாஸ்பாக்ஸ் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் எழுதிய இலவச மென்பொருள். 1990களின் கேமை 2020களின் கணினியில் ஓட வைப்பது அதுதான். பல மறு வெளியீடுகளில் ‘வெளியீட்டாளர்’ செய்த தொழில்நுட்ப வேலை என்று பார்த்தால், அந்த அமைப்புக் கோப்பில் நாலு வரியைத் திருத்தியதுதான்.

இதைவிடக் கூத்தான ஒன்று இருக்கிறது. மேக்ஸ் பெய்ன் 2 என்ற கேம் 2003இல் வந்தது. ரெமெடி உருவாக்கியது, ராக்ஸ்டார் வெளியிட்டது. ஸ்டீமில் விற்ற பிரதியின் இயக்கு கோப்பை 2010இல் யாரோ ஹெக்ஸ் எடிட்டரில், கோப்பின் உள்ளே இருப்பதை அப்படியே காட்டும் கருவியில், திறந்து பார்த்தார்கள். உள்ளே ‘மித்’ என்ற திருட்டுப் பிரதிக் குழுவின் அடையாளச் சின்னம், எழுத்துகளாலேயே வரைந்தது, அப்படியே இருந்தது. சிடியைப் போட்டால்தான் ஓடும் என்ற பூட்டை நீக்க, கம்பெனி தன் சொந்த கேமுக்கு வெளியே கிடந்த கிராக் கோப்பையே எடுத்துப் போட்டிருக்கிறது என்று இணையமே சிரித்தது. இரண்டு வருடம் முன்பு, 2008இல், யூபிசாஃப்ட்டின் ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2 கேமின் பேட்ச் ஒன்றிலும் இதே கதை. அங்கே ‘ரீலோடட்’ குழுவின் கிராக். மேக்ஸ் பெய்ன் 2இல் வெளியீட்டாளர் பெயரில் ஒரு குழப்பமும் இல்லை. பெட்டியிலும் ராக்ஸ்டார், கடையிலும் ராக்ஸ்டார். ஆனாலும் அந்த டிஜிட்டல் பிரதியை ஓட வைத்தவர்கள் யார் என்று கேட்டால் பதில் வேறு.

அதனால் ‘வேலை செய்தவரே வெளியீட்டாளர்’ என்றும் எழுதிவிட முடியாது. மித் குழுவை மேக்ஸ் பெய்ன் 2இன் இணை வெளியீட்டாளர் என்று எழுதினால் என் கோப்பை யாரும் மதிக்க மாட்டார்கள். பொறுப்பும் முடிவும் பணமும் ராக்ஸ்டாருடையவை, எனவே கட்டத்தில் ராக்ஸ்டார்தான். ஓட வைத்தவருக்குத் தனிக் கட்டம் வேண்டும். நான் சேர்த்துக்கொண்டேன்.

ஒரே நாளில் ஒரே கேமை இரண்டு பேர் வெளியிட்ட கூத்தும் உண்டு. கோல்டன்ஐ 007, ரேர் உருவாக்கி 1997இல் நின்டெண்டோ 64க்கு நின்டெண்டோ வெளியிட்டது. 2002இல் ரேரை மைக்ரோசாஃப்ட் 37.5 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. ஜேம்ஸ் பாண்ட் உரிமையோ சினிமாக்காரர்களிடம். இந்த மூன்று தரப்பும் ஒத்துப்போகாமல் வருடக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு, 2023 ஜனவரி 27 அன்று எக்ஸ்பாக்ஸிலும் நின்டெண்டோ ஸ்விட்ச்சிலும் ஒன்றாக வந்தது. ஸ்விட்ச்சில் அது சந்தாவுக்குள் வரும் பழைய நின்டெண்டோ 64 கேம். இணையத்தில் நண்பர்களோடு ஆடலாம். எக்ஸ்பாக்ஸில் படம் துல்லியமாக இருக்கும், ஆனால் நண்பர்கள் வீட்டுக்கே வந்து சோபாவில் உட்கார வேண்டும். ஒருவர் ஒன்றைக் கொடுத்தால் இன்னொருவர் அதைக் கொடுக்கக் கூடாது என்று பேசிப் பிரித்துக்கொண்டது போலவே இருக்கிறது. இந்த கேமுக்கு ஒரே ஒரு வெளியீட்டாளர் பெயர்தான் எழுத வேண்டும் என்று யாராவது அடம் பிடித்தால், 1997க்கு மட்டும் எழுதிவிட்டு நான் எழுந்து போய்விடுவேன்.

ஜப்பானின் ஹாம்ஸ்டர் நிறுவனம் இதை எவ்வளவு எளிதாகத் தீர்த்திருக்கிறது பாருங்கள். ஆர்கேட் ஆர்கைவ்ஸ் என்ற வரிசையில் 2014 முதல் பழைய ஆர்கேட் கேம்களை, அதாவது காசு போட்டு ஆடும் பெரிய பெட்டி கேம்களை, ஒவ்வொன்றாகக் கொண்டுவருகிறார்கள். வெளியீட்டாளர் ஹாம்ஸ்டர். உள்ளே போனால் கோனாமி, நாம்கோ என்று அசல்காரரின் பெயர் காப்புரிமை வரியில் மரியாதையாக இருக்கும். 2018 ஜூனில் டாங்கி காங் ஆர்கேட் பதிப்பு ஸ்விட்ச்சுக்கு வந்ததே இந்த வரிசையில்தான். நின்டெண்டோவின் கேம், நின்டெண்டோவின் கருவி, நின்டெண்டோவின் கடை. வெளியீட்டாளர் மட்டும் ஹாம்ஸ்டர்! 1981இல் அந்த கேமின் நிரலை எழுதிக் கொடுத்த இகேகாமி சுஷின்கி என்ற ஒப்பந்த நிறுவனம், நிரல் எங்களுடையது என்று 1983இல் வழக்குப் போட்டு 1990இல் சமரசமானது தனிக்கதை.

இனி அடாரி. இதை எப்படி எழுதினாலும் எனக்குத் திருப்தி வருவதில்லை.

அடாரி 1972இல் நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் ஆரம்பித்தது. 1976இல் வார்னர் வாங்கியது. 1984இல் இரண்டாக உடைந்தது: வீட்டுக் கணினியும் கன்சோலும் ஜாக் டிராமியல் கைக்குப் போயின, ஆர்கேட் பிரிவு அடாரி கேம்ஸ் என்று தனியாகப் போனது. டிராமியலின் அடாரி 1996இல் ஜேடிஎஸ் என்ற ஹார்ட் டிஸ்க் கம்பெனியோடு இணைந்து கரைந்தது. 1998இல் பொம்மைக் கம்பெனியான ஹாஸ்புரோ 50 லட்சம் டாலருக்கு அதை எடுத்தது. ஹாஸ்புரோவின் கேம் பிரிவை பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ் வாங்கியது. 2009இல் இன்ஃபோகிராம்ஸ் தன் பெயரையே அடாரி என்று மாற்றிக்கொண்டது. 2013இல் அமெரிக்கக் கிளைகள் திவால் மனு போட்டன. இன்று பழைய கேம்களை மறுபடி வெளியிடும் அடாரி இந்தப் பிரெஞ்சு அடாரிதான்.

1982இல் வந்த யார்ஸ் ரிவெஞ்ச் அட்டையில் அடாரி. 2022இல் டிஜிட்டல் எக்லிப்ஸ் உருவாக்கிய ‘அடாரி 50’ தொகுப்பில் அதே கேம்; அதிலும் அடாரி. ஒரே பெயர், ஒரே சின்னம், சட்டப்படி வேறு வேறு ஆள். பட்டியலில் இரண்டையும் ஒரே பெயரில் போட்டால் கண்ணுக்கு ஒழுங்காக இருக்கும், விஷயம் தப்பாகிவிடும். இன்னொரு பக்கம், 1985இன் கான்ட்லெட் ஆர்கேட் பெட்டியிலும் அடாரி கேம்ஸ் என்றுதான் இருக்கும். ஆனால் உடைந்த பிறகு பிறந்தது என்பதால் அது பிரெஞ்சு அடாரியிடம் இல்லை. மிட்வே வழியாகப் போய், 2009இல் மிட்வே திவாலானபோது வார்னர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 1976இல் அடாரியை வாங்கிய அதே வார்னர் குடும்பம்.

இதில் இன்னொரு வேடிக்கை. கேம்களின் வெளியீட்டு விவரங்களைத் துல்லியமாகச் சேர்த்து வைத்திருக்கும் தளம் மோபிகேம்ஸ், 1999 முதல் இருக்கிறது. எந்தக் கருவி, எந்த நாடு, எந்தத் தேதி, யார் வெளியீடு என்று ஒவ்வொரு வெளியீட்டையும் தனித்தனியாகப் பதியும். நான் மேலே சொன்ன ஒழுங்கு அவர்களிடம் முன்பே இருந்தது. என் கோப்பின் ஜாடை அங்கிருந்து எடுத்ததுதான். 2022இல் அந்தத் தளத்தை 15 லட்சம் டாலருக்கு வாங்கியது யார் தெரியுமா? அடாரி. அடுத்த வருடம் நைட்டைவையும் டிஜிட்டல் எக்லிப்ஸையும் வாங்கிவிட்டார்கள். சிஸ்டம் ஷாக் 2 பக்கத்தில் ஒருநாள் வெளியீட்டாளர் அடாரி என்று மாறினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். என் கோப்பில் மாற்றவும் மாட்டேன்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு, பெயர் எழுதவே ஆளில்லாத கேம்களையும் சொல்லிவிட வேண்டும். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 ஜூலையில் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2010க்கு முன் அமெரிக்காவில் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்பது அதன் முடிவு. 2000இல் வந்த நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர் இதற்குப் பேர்போன உதாரணம். மோனோலித் உருவாக்கியது, ஃபாக்ஸ் இன்டராக்டிவ் வெளியிட்டது. பல கம்பெனிகள் வாங்கியும் விற்றும் கலந்துபோய், உரிமை வார்னரிடமா, ஆக்டிவிஷனிடமா, ஃபாக்ஸிடமா என்ற கேள்விக்கு உறுதியான பதில் இல்லாமல் கிடக்கிறது. நைட்டைவ் 2014இல் முயன்று பார்த்துவிட்டுக் கையை விரித்தது. காப்பீட்டு ஆபீஸையே மடக்கியவர்களுக்கு இது முடியவில்லை. மறு வெளியீட்டில் உரிமை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். வெளியிட முன்வருபவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேரின் பெயரைத் தனியாக எழுத வேண்டும் என்று நான் அடம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, என் சொந்த அளவுகோலே ஆட்டம் கண்ட ஒரு விஷயம். வார்கிராஃப்ட் முதல் இரண்டு கேம்களும், 1994, 1995, பிளிசார்டின் படைப்புகள். 2019இல் அவை ஜிஓஜிக்கு வந்தன. வெளியீட்டாளர் பிளிசார்ட், கடை ஜிஓஜி, சிக்கலே இல்லை. 2024 நவம்பரில் பிளிசார்ட் இரண்டுக்கும் புதுப்பித்த பதிப்புகளைத் தன் கடையில் கொண்டுவந்தது. பழையதை ஜிஓஜியிலிருந்து எடுத்துவிடச் சொன்னது. டிசம்பர் 13 அன்று விற்பனை நின்றது.

வழக்கமாகக் கதை இங்கே முடிந்துவிடும். ஜிஓஜி ஒரு படி மேலே போனது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இந்தப் பழைய பதிப்புகளைத் தொடர்ந்து பராமரிப்போம், விண்டோஸ் மாறினால் ஓடும்படி சரிசெய்து கொடுப்போம் என்று அறிவித்தது. அதற்கு முந்தின மாதம்தான் நூறு கேம்களோடு ஒரு பாதுகாப்புத் திட்டத்தை அது ஆரம்பித்திருந்தது. ஆக, இந்தப் பிரதியை இனி யாருக்கும் விற்க முடியாது. உரிமை பிளிசார்டிடம், அதாவது 2023 அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட்டிடம். ஆனால் நான் பதிவிறக்கும் நிறுவு கோப்பில் அடுத்த திருத்தம் வந்தால் அதைச் செய்வது ஜிஓஜி. ஓடவில்லை என்று நான் எழுத வேண்டியதும் ஜிஓஜிக்குத்தான்.

அப்படியென்றால் 2024 டிசம்பருக்குப் பிறகு வரும் திருத்திய பிரதிக்கு வெளியீட்டாளர் யார்? பொறுப்பு என்ற கேள்வியைக் கேட்டால் ஜிஓஜி என்று வருகிறது. பணம், முடிவு என்று கேட்டால் பிளிசார்ட், அல்லது யாருமே இல்லை. விற்பனையே இல்லாத பிரதியை வெளியீடு என்று சொல்லலாமா என்பதே எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இப்போதைக்கு 2019 வரியில் பிளிசார்டை அப்படியே விட்டுவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்து ‘பராமரிப்பு: ஜிஓஜி’ என்று எழுதியிருக்கிறேன். இதைவிடச் சரியான ஏற்பாடு உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள், கோப்பைத் திருத்திக்கொள்கிறேன்.